வெள்ளவத்தைத் தரையும் நீராவி மொப்பும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள தொடர்மாடி ஒன்றின் நான்காம் தளத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். இங்கே தரைக்குத் தூசியைவிட உப்பே பெரிய தொல்லை. கடற்காற்றோடு வந்து படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையதாகையால், காலையில் துடைத்த தரையில் பின்னேரம் வெறுங்காலோடு நடந்தால் பாதம் ஒட்டும். மணக்கும் திரவத்தைத் தாராளமாகக் கலந்து துடைத்தால் அந்தத் திரவத்தின் எச்சமும் உப்போடு சேர்ந்து பிசுபிசுப்பை இன்னும் கூட்டிவிடும். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து, வாளியைத் தூக்குவதும் துணியைப் பிழிவதும் இயலாமற்போன பிறகுதான், வெறும் தண்ணீரை ஆவியாக்கித் துடைக்கும் மொப் ஒன்றை வாங்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்ப்பதற்கு முன் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நமது மின்சாரம் 230 வோல்ட் என்பதால், 1500 வாட் மொப் ஏறத்தாழ 6.5 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் சிறிய வட்ட முனை 5 அம்பியர் பொயின்ட் இதற்குப் போதாது. சதுர முனை 13 அம்பியர் பொயின்ட் வேண்டும். எனக்கு மொப்பை விற்ற கடைக்காரர் ஒரு சிறிய அடப்டரை இலவசமாகக் கையில் தந்து, எந்தப் பொயின்டிலும் மாட்டலாம் என்று சொல்லியனுப்பினார். மூன்றாம் நாள் அதன் பிளாஸ்டிக் இளகிக் கருகிய மணம் வந்தது. அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மின்வேலை செய்பவரை அழைத்து விறாந்தைப் பக்கம் ஒரு 13 அம்பியர் பொயின்ட் வைப்பித்தேன். தண்ணீரும் மின்சாரமும் ஒரே கைப்பிடியில் சேரும் கருவி என்பதால், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்கச் சொன்னேன்.

வாட் எண்ணைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். 1500 வாட் முழுவதும் ஒரு துளியும் வீணாகாமல் நீருக்கே போய்ச் சேர்ந்தாலும், நமது குழாய்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 கிராமைத் தாண்ட முடியாது. இது பௌதிகம், எந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருந்தாலும் மாறாது. ஆகவே, ஒரே வாட் அளவுள்ள இரண்டு மொப்புகளில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு நீராவி தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 400 மில்லிலீற்றர் தொட்டி ஏறத்தாழ கால்மணி நேரம் வரும். அந்தக் கால்மணி நேரத்துக்கு அலகில் பார்த்தால் 0.4 கூட ஆகாது. மின்கட்டணத்தை நினைத்துத் தயங்குபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நான் கவனித்துத் தெரிவு செய்தது வேறொன்றை. சில மொப்புகளில் நீர் அழுத்தத்தோடு மூடிய கலத்துள் கொதிக்கும்; அது தீர்ந்தால், முழுக்க ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. வேறு சிலவற்றில் சிறிய பம்பு ஒன்று தொட்டியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீரைச் சூடாக்கிக்கு அனுப்பும். தொட்டி குளிர்ந்தே இருப்பதால் பாதி வேலையிலும் கழற்றி நிரப்பலாம். வயதானவர் கையாளும் வீட்டுக்கு இரண்டாவதே பொருத்தம். பிடியை அழுத்தினால் மட்டும் ஆவி வரும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. இவற்றையெல்லாம்விட, மாற்றுத் துணி கொழும்பில் தனியாகக் கிடைக்குமா என்பதைக் கடையிலேயே கேட்டுவிட வேண்டும். துணி கிடைக்காத மொப் ஓராண்டில் அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்துவிடும்.

இனித் தரை. கொட்டாஞ்சேனையில் அக்கா இருக்கும் வீடு பழையது. அதன் விறாந்தை சிவப்புச் சாயம் கலந்த சீமெந்து. பல ஆண்டுகளாக மெழுகுப் பொலிஷ் போட்டு, பொச்சுமட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை, பெரிய உதவி செய்யும் நினைப்பில் எனது மொப்பைக் கொண்டுபோய் அங்கே இரண்டு இழுப்பு இழுத்தேன். மெழுகு உருகித் துணியில் செம்மண் நிறமாக ஏறியது. தரையில் விபூதிக் குறிபோல இரண்டு வெளிறிய பட்டைகள் விழுந்தன. அத்தான் வந்து பார்த்துவிட்டு, "நீர் துடைச்சனீரோ, உரிச்சனீரோ?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பட்டைகள் மறைய, பழைய மெழுகை முழுவதும் நீக்கி மீண்டும் மூன்று வாரம் பொலிஷ் போட வேண்டியிருந்தது. தேய்த்தது நான்தான்.

மெழுகு ஏற்றிய தரை எதற்கும் இந்தக் கருவி ஆகாது என்பதை அப்படிக் கற்றேன். புதிய தொடர்மாடிகளில் மரம்போலத் தோன்றும் லமினேட் பலகைகளுக்கும் இது பகை. மேற்பரப்பு நீரைத் தடுத்தாலும், பொருத்துகளின் வழியே ஆவி இறங்கி, உள்ளிருக்கும் அழுத்திய மரத்தூளை ஊதவைக்கும், ஊதிய பலகை பழையபடி படியாது. ஒட்டிய வைனல் விரிப்பில் பசை இளகும். இடுக்குகளில் நன்றாகப் பூச்சு நிரப்பிய செரமிக், போர்சலின் டைல்ஸ்தான் இதற்கு உரிய இடம். டெராசோ, கிரனைட் போன்றவற்றில் சந்தேகம் இருந்தால், மூலையொன்றில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் தரை நீரைக் குடிக்கிறது என்று பொருள். அங்கே ஆவியைக் காட்டாமல் விடுவது நல்லது.

தண்ணீர் விடயத்தில் கொழும்பு எங்களுக்குச் சாதகமானது. சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் யாழ்ப்பாணத்தில், கிணற்றுநீர் கொதிக்கும் கேத்தலின் அடியில் சில வாரங்களிலேயே வெண்படை பிடித்துவிடும். அதே நீர் மொப்பின் நுண்ணிய துளைகளையும் அடைக்கும். களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் கொழும்பின் குழாய்நீரில் சுண்ணாம்பு குறைவு. நான் குழாய்நீரையே பயன்படுத்துகிறேன். வேலை முடிந்ததும் மிச்சத்தை ஊற்றிவிடுகிறேன். ஊரில் இருக்கும் சித்திக்கு இதே மொப்பை வாங்கிக் கொடுத்தபோது மட்டும், காய்ச்சி வடித்த நீர் ஊற்றும்படி சொல்லிவைத்தேன்.

துடைக்கும் முறையில் அதிகம் சொல்ல ஏதுமில்லை. முதலில் தும்புத்தடியால் நன்றாகக் கூட்ட வேண்டும். கூட்டாத தரையில் ஆவி பட்டால் தூசி சேறாகும், தலைமயிர் துணியில் சுருளும். பிறகு மெதுவாக இழுக்க வேண்டும். கிருமிகள் கிட்டத்தட்ட முழுவதும் அழியும் என்று பெட்டியில் எழுதியிருப்பது, சூடு ஓரிடத்தில் சில வினாடிகள் தங்கினால்தான் பொருந்தும். நடைவேகத்தில் தள்ளிக்கொண்டு போனால் துணியைத் தாண்டித் தரைக்கு இறங்குவதற்குள் ஆவி ஆறிவிடும். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்திவைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போகவும் கூடாது. குசினியில் பொரித்த அன்று தரையில் படியும் எண்ணெய்ப் படலத்தை இது நன்றாக எடுக்கிறது. டைல்ஸ் இடுக்கில் ஊறிய மஞ்சள் கறையை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் உப்பை எடுப்பது உண்மையில் ஆவியல்ல, துணிதான். ஆவி உப்பைக் கரைத்துவிடும். கரைந்தது துணியில் ஏறும். துணி நிறைந்தபின் அதே உப்பு அடுத்த அறையில் பூசப்படும். ஆகையால் கடல் பார்க்கும் முன்னறைக்கு ஒரு துணி, உள்ளறைகளுக்கும் குசினிக்கும் இன்னொன்று என்று மாற்றிக்கொள்கிறேன். துவைக்கும்போது உடுப்பை மிருதுவாக்கும் திரவத்தைச் சேர்ப்பதில்லை. அது இழைகளை மூடி, நீரை உறிஞ்சவிடாமல் செய்துவிடும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் பல்கனியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாமல் நாறும் என்பதால், அந்தக் காலத்தில் மின்விசிறியின் கீழ் காயப்போடுகிறேன். தரைக்கும் விசிறியைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் உலரும்.

பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாளில் மட்டும் மொப்பைத் தொடுவதில்லை. ஆவி கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீராக மாறும்போதே ஏறத்தாழ 2260 ஜூல் வெப்பத்தைக் கொட்டிவிடும். அதே ஒரு கிராம் கொதிநீர் உடல்சூட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது ஏறத்தாழ 260 ஜூல்தான்.

அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரால் வீடு துடைத்துப் பழகியவர் அவர். மொப்பைக் கையில் வாங்கிய முதல் வெள்ளியே, "இதுக்குள்ள ஒரு துளி மஞ்சள் விடேலாதோ பிள்ளை?" என்று கேட்டார். தொட்டியில் உப்பு, மஞ்சள், பினாயில் எதுவும் கூடாது என்றும், சூடாக்கி அடைபட்டுப் போகுமென்றும் விளக்கினேன். இப்போது, வெள்ளிதோறும் நான் மொப்பால் துடைத்து முடிக்கும்வரை சாமியறைக் கதிரையில் அமர்ந்திருப்பார். தரை காய்ந்ததும் சிறிய கிண்ணம் ஒன்றில் மஞ்சள் நீர் எடுத்துவந்து, குனியாமலே, வாசற்படியில் விரல்நுனியால் தெளித்துவிட்டுப் போவார். அந்த ஓரிடத்து டைல்ஸ் மட்டும் இலேசாக மஞ்சளித்திருக்கிறது. அதை நான் துடைப்பதில்லை.