மூன்றாவது ராடு

அக்டோபர் 8, புதன்

பெட்டியில் இவர் கடைசியாக எடுத்து வைத்தது ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் தகடுகள். "ஆஸ்பத்திரிக்கு இது எதுக்குங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. கராஜுக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு இவரது பழைய ஃபோர்டு வண்டி முன்னால் நின்றார். எஞ்சினின் மேல் மூடியான ஹெட் கழற்றி ஆகஸ்டிலிருந்து பெஞ்சில் கிடக்கிறது. அடியில் ஆயில் தொட்டியான சம்ப் இல்லை. குனிந்து பார்த்தால் பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் நாலு ராடும் அப்படியே கண்ணுக்குத் தெரிகின்றன.

"மூணாவதுதான் தட்டுது. ஆனா நாலையும் பாக்கணும்," என்றார். என்னிடம்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஃபீலர் கேஜைத் திரும்ப எடுத்து மேசை மேல் வைத்தேன். வைத்திருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்டெம் செல் பை சின்னதுதான். நீர்த்த தக்காளிச் சாறு நிறம். நாற்பது நிமிடத்தில் இறங்கி முடிந்துவிட்டது. சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் நர்ஸ் பெரிதாக ஒரு பூஜ்யம் எழுதினாள், பூஜ்யமாவது நாள் என்று. இவர் தூங்கிப்போனார். அத்தை பொள்ளாச்சியிலிருந்து போன் செய்து, "அம்மிணி, அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். சாப்பிட்டார் என்று சொன்னேன்.

அக்டோபர் 10, வெள்ளி

வெள்ளை அணு 1.4.

அக்டோபர் 11, சனி

நானே செய்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

இவர் நோட்டில் எல்லாம் இருக்கிறது. 1930 ஃபோர்டு மாடல் ஏ, டூடர், அதாவது இரண்டு கதவு வண்டி. நாலு சிலிண்டர், 200.5 கன அங்குலம், 40 குதிரைத் திறன். மெயின் பேரிங் மூன்றும் பார்த்தாகிவிட்டது என்று பச்சை மையில் டிக் போட்டிருக்கிறார். ராடு நாலுக்கும் எதிரே வெறும் கோடு.

இந்த வண்டியில் பேரிங் என்று தனியாகக் கழற்றி மாட்ட ஒன்றும் கிடையாது. வெள்ளீயமும் ஆன்டிமனியும் செம்பும் கலந்த உலோகத்தை உருக்கி ராடிலேயே நேராக ஊற்றியிருக்கிறார்கள். இங்கே அமெரிக்காவில் பேபிட் என்கிறார்கள். பீளமேட்டில் அப்பா பட்டறையில் நாங்கள் வொயிட் மெட்டல் என்போம். அந்த வாசம் எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். ராடுக்கும் மூடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஷிம். ஒரே தகடு மாதிரித் தெரியும், ஆனால் காகிதம் போல இதழ் இதழாக ஒட்டியது. தேயத் தேய ஓர் இதழை உரித்து எடுத்துவிட்டு மூடியை மறுபடி முறுக்கினால் இடைவெளி பழையபடி நெருங்கிவிடும். எஞ்சினை இறக்கவே வேண்டாம். இந்த எஞ்சினை வரைந்தவர்கள் தேய்மானம் வரும் என்று முதல் நாளே தெரிந்து, அதற்கு வழியும் உள்ளேயே வைத்துவிட்டார்கள். இவ்வளவு நாள் வண்டியைத் துடைத்து மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேனே, இதை ஏன் கவனிக்கவில்லை?

சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போனேன். ஸ்ப்ளிட் பின்னை எடுத்து முதல் ராடின் நட்டு இரண்டையும் கழற்றினேன். மூடி கையில் வந்தது, அடியில் ஆயிலை அள்ளும் கரண்டியோடு. இந்த எஞ்சினில் ராடுக்கு பம்ப் நேராக ஆயில் அனுப்புவதில்லை. இந்தக் கரண்டி சுற்றும்போது தொட்டியிலிருந்து மொண்டுகொள்வதுதான். கிராங்கைத் துணியால் துடைத்தேன். நூல் மாதிரியான பிளாஸ்டிகேஜைத் துண்டு வெட்டி மேலே வைத்து, மூடியை முறுக்கி, கழற்றினேன். நசுங்கிய நூலின் அகலத்தை உறையில் அச்சடித்த கோட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். மூன்றரை தௌ. ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருக்கணும்.

அப்பா தௌ என்றுதான் சொல்வார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "தலைமுடி ரெண்டரை தௌ கண்ணு," என்று என் முடி ஒன்றை மைக்ரோமீட்டரில் வைத்துக் காட்டினார்.

இரண்டு தௌ இதழ், பக்கத்துக்கு ஒன்று உரித்தேன். பிளேடு முனையை நுழைத்து மெல்ல நெம்ப வேண்டும், அவசரப்பட்டால் மடங்கிவிடும். ஒன்றரைக்கு வந்தது. ஒரே ராடுக்கு மூன்று மணி நேரம்.

அக்டோபர் 12, ஞாயிறு

0.6. தோள்பட்டை வலி. இரண்டாவது ராடும் மூன்றரைதான், அதுவும் முடிந்தது.

அக்டோபர் 13, திங்கள்

இன்று எஞ்சினைத் தொடவில்லை. பெட்ரோல் கேஜ் மட்டும் பார்த்தேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் காற்றுக் கண்ணாடிக்கு முன்னால், டாஷ்போர்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. உட்கார்ந்தால் முழங்காலுக்கு நேர் மேலே பெட்ரோல். பம்ப் கிடையாது, தானாக இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது ஒரு கார்க். அது மிதக்கும், எண் எழுதிய உருளை சுற்றும், சின்னக் கண்ணாடி வழியே நாம் பார்க்கலாம். எங்கள் கார்க் மூழ்கிக் கிடக்கிறது. மேலே பூசிய அரக்கை இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் கரைத்துவிடுகிறது. அரக்கு போனதும் கார்க் ஊறிவிடும். டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றுதான் காட்டும். எத்தனால் இல்லாததுதான் ஊற்றணும் என்று இவர் தலைபாடாக அடித்துக்கொள்வார். போன கோடையில் கல்லூரி விடுமுறையில் வந்த தம்பி மகன் தெரியாமல் ஊற்றிவிட்டான்.

புதுக் கார்க் வாங்கி வைத்திருக்கிறார். மூன்று பூச்சு பூசிக் கொடியில் மாட்டியிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

மூன்றாவது ராடு. அளந்தால் ஐந்து தௌ. தட்டாமல் என்ன செய்யும்.

பக்கத்துக்கு இரண்டு இதழ் எடுத்தால் ஒன்றுக்கு வரும். கணக்கு சரியாகத்தான் போட்டேன். ஆனால் பிளேடில் இரண்டு இதழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. மூடியை முறுக்கிவிட்டுக் கிராங்கைச் சுற்றினேன், அசையவில்லை. பலம் கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது. ஒரு மணி வரைக்கும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அந்த வெள்ளை உலோகத்தில் கீறல் விழுந்திருக்குமோ என்று டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். மெத்தென்ற உலோகம், நகம் பட்டாலே தடம் விழும். நான் பாழாக்கிவிட்டேன் என்றால் யாரிடம் போய்ச் சொல்வேன்?

கீறல் இல்லை. பளபளப்பாக ஓரிடம் மட்டும். ஒரு ஜோடி இதழைத் திரும்ப வைத்தேன். ஒரு தௌ. கிராங்க் சுற்றியது, வெண்ணெயில் கத்தி போவது போல.

அழுதது ராடுக்காக இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

0.0. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. பேச்சு இல்லை, சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். "அம்மாட்ட சொல்லாத."

அக்டோபர் 17, வெள்ளி

0.0.

அக்டோபர் 18, சனி

0.0. நாலாவது ராடு இரண்டரை தௌ. ஒரு பக்கம் மட்டும் ஓர் இதழ் எடுத்தேன். அப்படிச் செய்யலாம் என்று நோட்டில் இருக்கிறது.

தூக்கம் வராமல் இவர் சேர்த்து வைத்த காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 1927 மே 26 அன்று ஹைலண்ட் பார்க் ஆலையில் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. ஹென்றி ஃபோர்டும் மகன் எட்சலும் அதில் ஏறிப் போனார்கள். அத்தோடு மாடல் டி முடிந்தது. அடுத்தது தயாராக இல்லை. ஆலைகள் நின்றன, டெட்ராய்ட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. கடைக்காரர்களிடம் விற்க வண்டி இல்லை. அந்த வருஷம் செவ்ரோலெட் முந்திக்கொண்டது. புது வண்டியின் வடிவம் எட்சல் பார்த்தது, எஞ்சினும் மற்றதும் அப்பாவின் பிடிவாதம். டிசம்பர் 2 அன்றுதான் மாடல் ஏ-யை உலகத்துக்குக் காட்டினார்கள். ஆறு மாதம். மே மாதத்தில் நின்றவர்களுக்கு டிசம்பர் என்று ஒன்று வரும் என்பது தெரியாது அல்லவா? நாளைக் காலை பலகையில் எத்தனை எழுதுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியும் முன் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஆஸ்பத்திரிக்குள் பலகாரம் எடுத்துப்போகக் கூடாது. பூவும் கூடாது. அத்தைக்கு வீடியோவில் இவரைக் காட்டினேன், முகமூடி போட்டிருந்ததால் வாய் தெரியவில்லை. "மொட்டை நல்லாத்தான் இருக்குது சாமி, பழனிக்குப் போன மாதிரி," என்றார் அத்தை. இவர் கை கூப்பினார்.

காய்ச்சல் 102.

அக்டோபர் 21, செவ்வாய்

103.1.

அக்டோபர் 22, புதன்

இரவெல்லாம் நாற்காலியில். காலையில் 100-க்கு இறங்கியது. போய்க் குளித்துவிட்டு வாங்க என்று நர்ஸ் விரட்டினாள்.

வீட்டுக்குப் போகாமல் டியர்பார்னில் ஹெட் கேஸ்கெட் வாங்கப் போனேன். திரும்பும்போது மில்லர் ரோடு. ஃபோர்டின் ரூஜ் ஆலையின் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டேன். எங்கள் எஞ்சின் வார்த்தது இந்த ஆலையில்தான். ஒரு பக்கம் கப்பலில் இரும்புத் தாது வந்து இறங்க, மறு பக்கம் வண்டி உருண்டு போன இடம். 1932 மார்ச் 7 அன்று வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில் டெட்ராய்ட்டிலிருந்து நடந்து இந்த வாசலுக்குத்தான் வந்தார்கள். அந்தக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், பிறகு சுட்டார்கள். அன்றைக்கே நாலு பேர் செத்தார்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவந்த கோரிக்கைகளில் ஒன்று, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் ஃபோர்டு ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். இவ்வளவு நாள் இந்த ரோட்டில் போய் வந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் அந்த ஒரு வரி தொண்டையில் நின்றது.

நம் ஊருக்குப் போன ஃபோர்டுகள் இங்கே செய்தது இல்லை, அதெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் செய்தது என்பார் இவர். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு அங்கிருந்துதான் வலது பக்க ஸ்டியரிங்கோடு போயிற்று. "நாமும் அந்தக் கரை வண்டிதான்," என்று விண்ட்ஸர் விளக்குகளைக் காட்டிச் சொல்வார்.

அக்டோபர் 23, வியாழன்

0.0. ஆனால் காய்ச்சல் இல்லை.

சம்பை மாட்டினேன். ஹெட்டையும் வைத்துவிட்டேன். பதினாலு நட்டு. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போகணும். முதல் சுற்று இலேசாக, அடுத்தது கொஞ்சம் கூட, கடைசியில் 55 அடி-பவுண்டு. ஒவ்வொன்றுக்கும் டார்க் ரெஞ்ச் ஒரு சொடுக்குச் சொடுக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பதினாலு இருந்தாலும் முறுக்கியிருப்பேன்.

அக்டோபர் 24, வெள்ளி

0.1.

நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டேன். பூஜ்யம் புள்ளி ஒன்று. இவர் கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துளி இடைவெளி காட்டினார். நூறு தௌ இருக்கும்.

இரவு டைமிங் பார்த்தேன், அதாவது ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதை. ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட் மேலேயே உட்காருவதால் ஹெட்டை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து. முன் மூடியில் ஒரு பின் இருக்கிறது. அதைக் கழற்றித் திருப்பி, உருண்டை முனையை உள்ளே விட்டு ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். உள்ளே கேம் பல்சக்கரத்தில் ஒரு சின்னக் குழி உண்டு. அந்தக் குழி வந்ததும் பின் விழும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். முதல் தடவை கடந்து போய்விட்டேன். இரண்டாவதும். மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன்.

விழுந்தது.

அதிலிருந்து கையை எடுக்க மனசே வரவில்லை.

ரோட்டரை முதல் சிலிண்டருக்கு நேராக வைத்தேன். பாயின்ட் திறக்க ஆரம்பிக்கும் இடத்தில் கேம் திருகை இறுக்கினேன். ஸ்பார்க் லீவர் முழுக்க மேலே. நோட்டில் அதற்கு மூன்று அடிக்கோடு: லீவர் கீழே இருக்கும்போது கைப்பிடி போட்டுச் சுற்றினால் எஞ்சின் திருப்பி உதைக்கும், மணிக்கட்டு முறியும்.

அக்டோபர் 25, சனி

0.3. மதியம் அரை டம்ளர் தண்ணீர் குடித்தார். குரல் கரகரவென்று வந்தது. முதல் வார்த்தை, "கைல என்ன கருப்பு?"

நகக்கண்ணில் கிரீஸ். காட்டினேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தார். "மூணாவது எத்தனை?" என்றார்.

"ஒரு தௌ."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

கார்க் நன்றாகக் காய்ந்துவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோல் எந்த பங்கில் வாங்குவார் என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.