செம்பு விளைந்த தீபகற்பம்

கோலாலம்பூரில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும், செம்புச் சுரங்கங்களுக்குப் பேர்போன கீவினோ தீபகற்பம் முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. நாங்கள் சென்றது சுற்றுலாப் பருவம் முடிந்த அக்டோபர் இறுதி என்பதால் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. அது எங்கள் திட்டமிடலின் குறைதான்.

ஹான்காக் ஊரின் குன்றின்மீது நிற்கும் குவின்சி சுரங்கம் 1846இல் தொடங்கி 1945 வரை இயங்கியது. அதன் இரண்டாம் குழி சாய்வாக 9,000 அடிக்கும் மேல் இறங்குகிறது. உள்ளே சுமார் 6 பாகை செல்சியஸ் குளிர். இங்கே செம்பு தாதுவாக மட்டுமன்றித் தனி உலோகமாகவே பாறையில் படிந்திருப்பதால், வழிகாட்டி டார்ச்சைச் சாய்த்ததும், புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம்போல ஒரு கீற்று மின்னியது.

கலுமெட் ஊரில் இத்தாலியன் ஹால் என்ற மண்டபம் இருந்த இடத்தில் இப்போது ஒரு வாசல் வளைவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1913இல் அந்த மண்டபத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கிறிஸ்துமஸ் விழாவில், யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்தியதால் எழுந்த நெரிசலில் 73 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் குழந்தைகள். அந்த வளைவின்முன் எங்களில் எவருக்கும் படமெடுக்க மனம் வரவில்லை.

ஜேக்கப்ஸ் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. சிறியதுதான், ஆனால் அதன் நீர் வெளிறிய தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் இருந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கு கொண்டுவந்த 'பாஸ்டி' என்ற, உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தை அதன் அருகில் நின்றே சாப்பிட்டோம். உருவத்தில், மசாலா அடைத்துப் பொரிக்கும் நம் கறிபாப்பின் பெரியண்ணன்; காரம்தான் சுத்தமாக இல்லை.