சிசியில் வரும் மெயிலைத் தனியாக ஒதுக்குங்கள்

சிங்கப்பூரில் வட்டாரத் தலைமையகம் ஒன்றில் வேலை பார்த்தால், மெயில் ஓய்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. நாம் மேசைக்கு வருவதற்குள் சிட்னிக்காரர்கள் அனுப்ப ஆரம்பித்திருப்பார்கள், பதினொன்றரைக்கு மேல் சென்னை அலுவலகம் திறக்கும், நாம் கிளம்பப் பார்க்கிற நாலு ஐந்து மணிக்கு லண்டனில் காலை ஒன்பது, இரவு சாப்பிட்டு உட்கார்ந்தால் நியூயார்க். ஆகவே இன்பாக்ஸ் நிரம்பி வழிவது உங்கள் வேகக் குறைவால் அல்ல. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவது அவர்கள்தான். வேகமாகப் பதில் போட்டால் குறையாது. பதிலுக்குப் பதில் வரும்.

என்னைக் கேட்டால் பெரிய தொல்லை சிசிதான், அதாவது மெயில் யாருக்கோ போக, தகவலுக்காக மற்றவர்களுக்கும் ஒரு நகல் அனுப்புவது. பத்துப் பேரை சிசியில் போட்டு ஒரு கோப்பை அனுப்புவார்கள், உடனே ஒருவர் எல்லாருக்குமாக ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’ என்பார், அதைப் பார்த்து இன்னொருவரும் அதையே அனுப்புவார். மரியாதையாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அத்தனை பேரின் கவனமும் கலைகிறது. சிசியில் ஆள் சேர்ப்பதற்குப் பாதிக் காரணம் பயம்: நாளை ஏதாவது ஆகிவிட்டால் ‘உங்களுக்கும் அனுப்பினேனே’ என்று காட்டலாம். இந்தப் பயத்தைப் போக்க மேலாளர்தான் வாய் திறக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவுட்லுக்கின் ‘ரூல்ஸ்’ பகுதியில், என் பெயர் சிசி கட்டத்தில் இருந்தால் அந்த மெயில் தனி ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு விதி போட்டிருக்கிறேன். மேலாளரும் முக்கிய வாடிக்கையாளர்களும் அனுப்புவதற்கு மட்டும் விலக்கு. அந்த ஃபோல்டரை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒருமுறை, கிளம்புமுன் ஒருமுறை திறப்பேன், கடைசி மெயிலிலிருந்து பின்னோக்கிப் படிப்பேன். பல விஷயங்கள் அதற்குள் தாமாகவே முடிந்திருக்கும். முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற தொடர்களுக்கு ஜிமெயிலில் ‘மியூட்’ உண்டு, அது இன்பாக்ஸிலிருந்து விலக்கி வைப்பதோடு சரி. அவுட்லுக்கின் ‘இக்னோர்’ அப்படியல்ல, அந்தத் தொடரில் இனி வருவதையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்பிவிடும், பார்த்து அழுத்துங்கள்.

ராத்திரி மெயில் வேறு கதை. பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்கு அப்புறம் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் மனிதவள அமைச்சு, தொழிற்சங்கங்கள், முதலாளிகள் தரப்பு மூன்றும் சேர்ந்து 2020 நவம்பரில் வெளியிட்ட மனநல ஆலோசனைக் குறிப்பு, வேலை நேரத்துக்குப் பிந்தைய தகவல் தொடர்பு பற்றி நிறுவனங்கள் தெளிவான கொள்கை வைத்திருக்கச் சொல்கிறது. இது பலருக்குத் தெரிவதே இல்லை. உங்கள் மனிதவளப் பிரிவிடம் அதைக் காட்டித் தைரியமாகக் கேளுங்கள்.

எங்கள் குழு லண்டன் ஆட்களிடம் நேராகவே பேசியது: அவசரம் என்றால் போன் செய்யுங்கள், மெயில் என்றால் மறுநாள் காலையில் பார்ப்போம். சரி என்றார்கள். நாங்களும் இரவில் எதையாவது எழுதி முடித்தால், காலை எட்டரைக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுகிறோம்.