ஃபிரிட்ஜைத் துடைக்காத பெண்ணும் என் இடது கால் ஷூவும்

காலாண்டு லீவுக்கு அக்கா குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். நானும் சென்னையிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டுப் போயிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம் என்று யாரோ சொல்லிவைக்க, அம்மா வெட்டுக்குத்து வேண்டாம் என்றாள், அப்பா அழுகை வேண்டாம் என்றார், அத்தான் மூன்று மணி நேரப் படம் வேண்டவே வேண்டாம் என்றார். இத்தனையையும் கழித்தால் வானிலை அறிக்கைதான் மிஞ்சும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது மருமகன் முந்திக்கொண்டு, "மாமா, வால்-ஈ போடுவோமா?" என்றான்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. 2008-ல் பிக்ஸார் எடுத்த படம், இயக்கம் ஆண்ட்ரூ ஸ்டான்டன். மனிதர்கள் பூமியைக் குப்பைமேடாக்கிவிட்டு விண்கப்பலில் ஏறிப் போய்விட, 700 வருஷம் கழித்தும் ஒரே ஒரு குட்டி ரோபோ மட்டும் தனியாகக் குப்பையைச் சதுரம் சதுரமாக அமுக்கி அடுக்கிக்கொண்டே இருக்கிறது. மொத்தம் 98 நிமிஷம். ஒன்பது மணிக்குப் போட்டால் பத்தே முக்காலுக்குப் பாயை விரித்துவிடலாம்.

படம் முடிந்தபோது மணி ஒன்று பத்து.

ஏனென்றால் என் மருமகன் படம் பார்க்கிறவன் இல்லை, படத்தைச் சோதனை போடுகிறவன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், அல்ஜீப்ராவில் எக்ஸ் எங்கே என்று கேட்டால் விழிப்பான், ஆனால் பிக்ஸார் படத்தில் எந்த மூலையில் எந்த பொம்மை ஒளிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ரிமோட் அத்தான் கையில். எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதுமே அத்தான் கையில்தான், அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். இவன் "நிறுத்துங்கப்பா" என்று கத்துவான், அவர் ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்துவார். இவன் விளக்குவான். அவர் மறுபடி ஓடவிடுவார். மொத்தம் எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்து பதினேழில் விட்டுவிட்டேன்.

முதல் பிரச்சினை அம்மாவிடமிருந்து வந்தது. இந்தப் படத்தில் முதல் அரைமணி நேரத்துக்கு மேல் பேச்சு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னல, சத்தத்தையே காணோம், டிவி ரிப்பேரா?" என்றாள். ரிப்பேர் இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தான் சத்தத்தை 20-லிருந்து 58-க்கு ஏற்றிவிட்டார். அப்புறம்தான் ஈவ் என்கிற வெள்ளை ரோபோ ராக்கெட்டில் வந்து இறங்கி, சின்னதாக ஒரு அரவம் கேட்டதற்கே பாறையைச் சுட்டுப் பொடியாக்குகிறது. பக்கத்து வீட்டு நாய் எழுந்தது, அதற்கும் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது, அப்பா கையிலிருந்த காராச்சேவு மொத்தமும் மடியில். "பென் பர்ட் மாமா, சவுண்டு டிசைனர், ஸ்டார் வார்ஸ்ல ஆர்2-டி2-க்குச் சத்தம் கொடுத்தவரு, வால்-ஈ குரலும் அவருதான்" என்று மருமகன் பெருமையாகச் சொன்னான். மனுஷன் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறார், எங்கள் தெருவே எழுந்துவிட்டது.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வால்-ஈ குப்பைக்கு நடுவே கிடக்கும் ஒரு பழைய ஃபிரிட்ஜின் கதவை வெட்டித் திறக்கும், உள்ளே ஒரு சின்னப் பச்சைச் செடி இருக்கும். படத்தின் மொத்தக் கதையும் அந்தச் செடியைச் சுற்றித்தான். அம்மா அந்த இடத்தில் கேட்டாள்: "அடைச்ச ஃபிரிட்ஜுக்குள்ள செடி எப்படி முளைக்கும்?" யாரும் பதில் சொல்லவில்லை, மருமகன் உட்பட. அவன் அப்போது வால்-ஈயின் வீட்டு அலமாரியில் பார்த்த பச்சை டைனோசர் பொம்மையைப் பற்றி, அதாவது 'டாய் ஸ்டோரி'யில் வருகிற ரெக்ஸ், இன்னும் பேசி முடித்திருக்கவில்லை.

இதில் எனக்கே ஒரு மரியாதை வந்த இடங்களும் உண்டு. வால்-ஈ காலையில் வெயிலில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், முழுசாக ஏறியதும் 'டொய்ங்ங்' என்று ஒரு சத்தம் வரும். அது ஆப்பிள் மேக் கணினியை ஆன் பண்ணினால் வருகிற சத்தம். பிக்ஸாரை 1986-ல் விலைக்கு வாங்கி வளர்த்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ், அதனால் இது வீட்டு ஆளுக்கு ஒரு வணக்கம். வேடிக்கை என்னவென்றால் கப்பலை ஓட்டுகிற வில்லன் ரோபோ ஆட்டோவின் குரலும் மேக்தான், எழுத்தைப் படித்துக்காட்டுகிற பழைய மேக்கின்டாக் மென்பொருளைப் பேசவைத்திருக்கிறார்கள். ஆக நாயகனுக்கும் அதே கம்பெனி, வில்லனுக்கும் அதே கம்பெனி. நம் ஊர்க் கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமையல்காரர் மாதிரி.

அப்புறம் அந்த ஏ113. மனிதர்கள் இனி பூமிக்குத் திரும்பவே கூடாது என்று ஆட்டோவுக்கு வந்த ரகசிய உத்தரவின் பெயர் அது. மருமகன் சோஃபாவில் எழுந்து நின்றே விட்டான். கலிஃபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் என்றொரு கலைக் கல்லூரி இருக்கிறது, அனிமேஷன் படித்த பையன்கள் அங்கே உட்கார்ந்திருந்த வகுப்பறையின் எண் ஏ113. அவர்கள் பெரிய ஆட்களானதும் படத்துக்குப் படம் இதை எங்கேயாவது சொருகிவிடுகிறார்கள். 'டாய் ஸ்டோரி'யில் அம்மாவின் கார் நம்பர், 'நீமோ'வில் முக்குளிப்பவனின் கேமரா, 'அப்' படத்தில் நீதிமன்ற அறை. நாங்களும் படித்தோம். 9-சி கடைசி பெஞ்சில் காம்பஸ் முனையால் பெயரைச் செதுக்கி ஆளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம் கட்டினோம். அவர்கள் வகுப்பறையையே உலகம் முழுக்கச் செதுக்கிவிட்டுக் காசும் வாங்கிக்கொண்டார்கள். இதெல்லாம் எடுத்தவர்களே வேண்டுமென்று ஒளித்துவைத்தவை, தேடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈவ் செடியைத் தேடி ஒவ்வொரு பொருளாக ஸ்கேன் பண்ணும்போது, பிக்ஸார் படங்களில் அடிக்கடி தலைகாட்டுகிற 'டாய் ஸ்டோரி'யின் பீட்சா பிளானெட் வண்டி வருகிற இடத்தை அத்தானே முதலில் கண்டுபிடித்துவிட்டார், மனுஷருக்கு முகமெல்லாம் வெட்கம்.

ஆனால் தியரி என்று இன்னொரு வகை இருக்கிறது பாருங்கள், அது சுத்தமான திண்ணைப் பேச்சு. நல்ல திண்ணைப் பேச்சு, இல்லை என்று சொல்லவில்லை.

வால்-ஈ ஒரு கொலைகாரன் என்றான் மருமகன். எப்படி? அதே மாதிரி ரோபோக்கள் வழியெல்லாம் செத்துக் கிடக்கின்றன, இவன் ஒன்றின் சக்கரப் பட்டையைக் கழற்றித் தனக்கு மாட்டிக்கொள்கிறான், அப்படியானால் ஸ்பேர் பார்ட்ஸுக்காக எல்லோரையும் இவனே தீர்த்துக்கட்டியிருக்க வேண்டும். அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "பரண்ல ஏறிப் பாரு. உங்க தாத்தா மூணு மிக்சி, ரெண்டு ஃபேன், ஒரு கிரைண்டரைக் கழட்டிப் போட்டுருக்காவ. அப்ப அவியளும் கொலைகாரவியதானே?" என்றாள். அப்பா, "அதெல்லாம் என்னைக்காவது உதவும்" என்றார். முப்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறார்.

அடுத்தது கொஞ்சம் மோசம். கப்பலில் எல்லோரும் குண்டு குண்டாக மிதக்கும் நாற்காலியில் படுத்துக்கொண்டு கப்பில் இருக்கிற சாப்பாட்டை உறிஞ்சுகிறார்கள் அல்லவா? அங்கே வயலும் இல்லை, ஆடுமாடும் இல்லை, 700 வருஷத்தில் செத்தவர்களைப் புதைக்க இடமும் இல்லை, அப்போது அந்தக் கப்புக்குள் இருப்பது என்ன என்று இவன் கண்ணை உருட்டிக் கேட்கும்போது அக்கா சொதி ஊற்றிய இடியாப்பத்தைத் தட்டில் பிசைந்துகொண்டிருந்தாள். படம் நீண்டதால் நடுராத்திரிச் சாப்பாடு. பிசைந்த கை அப்படியே நின்றது. "எல, சாப்பிடுத நேரத்துல பேசுத பேச்சா இது?" என்று அம்மா ஒரு அதட்டு போட்டாள். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டாள், நான் எடுத்துக்கொண்டேன். வீணாகக் கூடாது.

சரி, அத்தான் விஷயத்துக்கு வருகிறேன். கேப்டன் அறையில் முந்தைய கேப்டன்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். மருமகன் நிறுத்தச் சொல்லிக் காட்டினான்: முதல் படத்தில் ஆட்டோ பின்னால் எங்கோ தூரத்தில் இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் கிட்டே, அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே, கடைசியில் கேப்டனின் தோளுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். ஒரு வசனம் கிடையாது, கப்பலில் அதிகாரம் யார் கைக்குப் போனது என்று அந்தப் படங்களே சொல்லிவிடும். அருமையான வேலை என்று நினைத்தபடியே தற்செயலாகத் தலையைத் திருப்பினேன். எங்கள் வீட்டு ஹாலிலும் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கின்றன.

முதல் படம் அக்கா கல்யாணம். அப்பா நடுவில், அத்தான் பெண்வீட்டாரைப் பார்த்த கூச்சத்தில் ஓரமாக. அடுத்தது மருமகனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியது, அத்தான் அப்பாவுக்கு இரண்டு ஆள் தள்ளி. அதற்கடுத்தது புது வீட்டுப் பால் காய்ச்சு, பக்கத்திலேயே நிற்கிறார். கடைசிப் படம் அப்பாவின் அறுபதாம் கல்யாணம். அப்பா தோளில் அத்தானின் கை. நான் மெதுவாகப் பார்வையைக் கீழே இறக்கினேன். அப்பா வழக்கமாக உட்காரும் சாய்வு நாற்காலியில் அத்தான், கையில் ரிமோட். அப்பா தரையில், தூணில் சாய்ந்தபடி காராச்சேவு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அக்கா புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்து, "மாப்ளே, நீங்க எந்தப் படத்துலயுமே இல்லையே, கவனிச்சீங்களா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். எல்லாப் படத்தையும் எடுத்தது நான். இந்தத் தியரிக்காரர்களிடம் இதுதான் சிக்கல், கொஞ்சம் விட்டால் நம்மையே கதையிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது கூடவே குகை ஓவியத்தில் ஆரம்பித்து எகிப்து, வான் கோ என்று ஓவிய வரலாற்றையே வரிசையாக ஓட்டிக்காட்டுவார்கள், மனிதர்கள் மறுபடி விதைக்கப் பழகுகிற கதை அதிலேயே நடக்கும். இந்தப் படத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. நம் வீட்டில் அதற்குள் பாதிப் பேர் கொட்டாவி. கடைசியில் வால்-ஈ செடியை வைத்த அந்தப் பழைய பூட்ஸிலிருந்து பெரிய மரம் வளர்ந்து நிற்கும். மருமகன் கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதுதான் 'எ பக்ஸ் லைஃப்' படத்தில் எறும்புகள் இருக்கிற மரம், பிக்ஸார் படமெல்லாம் ஒரே உலகம், 2013-ல் ஜான் நெக்ரோனி என்பவர் எல்லாவற்றையும் கோத்து எழுதிவிட்டார், 'டாய் ஸ்டோரி 3'-ல் பஸ் லைட்இயர் என்கிற பொம்மைக்குள் இருக்கிற பேட்டரிகூட வால்-ஈ உலகத்து பை என் லார்ஜ் கம்பெனியுடையது என்று கொட்டித் தீர்த்தான். யாரும் அசையவில்லை.

அம்மாதான் எழுந்து சேலையை உதறிக்கொண்டே, "எல்லாம் சரிதான். ஃபிரிட்ஜுக்குள்ள செடி எப்படி வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் ஒருத்தனும் சொல்லலியே" என்றாள். மருமகன் கைபேசியைத் தடவினான். அது நம்பிக்கையின் குறியீடு ஆச்சி என்றான்.

"குறியீடாவது ஒண்ணாவது. நான் சொல்லுதேன் கேளு. ஊரைக் காலி பண்ணிட்டுக் கப்பல்ல ஏறுத அன்னைக்கு எவளோ ஒருத்தி ஃபிரிட்ஜைத் துடைச்சு வைக்காமப் போயிட்டா. கிழங்கோ பூண்டோ உள்ள கிடந்திருக்கு. அதான் முளைச்சிருக்கு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்குத் தெரிந்து இவ்வளவு சுருக்கமான வால்-ஈ தியரி வேறு இல்லை. 700 வருஷம் கரண்டு இல்லாமல் பூண்டு தாக்குப்பிடிக்குமா என்று நான் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஃபிரிட்ஜைத் துடைக்கவில்லை என்று அம்மாவிடமும் மாமியாரிடமும் மாறி மாறித் திட்டு வாங்குகிறவள் அவள். "பாத்தியாம்மா? ஃபிரிட்ஜை ஒருத்தி துடைக்காம விட்டதாலதான் உலகமே பொழைச்சுது. இனிமே என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது, ஆமா."

அம்மாவுக்குத் தன் தியரி தன் மேலேயே திரும்பியது பிடிக்கவில்லை. ஒன்று பத்துக்கு விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், என் ஃபிரிட்ஜைப் பார், கண்ணாடி மாதிரி இருக்கும் என்று கதவைத் திறந்து காய்கறித் தட்டை இழுத்தாள். கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பின்னால், நாலு பல் பூண்டு, ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்குப் பச்சை முளை. அம்மா தட்டை உள்ளே தள்ளி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அதைப் பற்றி மறுநாளும் யாரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எனக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். பையெல்லாம் கட்டிவிட்டு வாசலில் ஷூவைத் தேடினால் வலது கால் மட்டும் இருக்கிறது. வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கொல்லைப்புறம் போனேன். துவைக்கிற கல் மேல், மாலை வெயில் படுகிற இடமாகப் பார்த்து, என் ஆபீஸ் ஷூ. உள்ளே கழுத்து வரைக்கும் செம்மண். நடுவில் நாலு பூண்டு முளை, தண்ணீர் ஊற்றி ஈரமாக. பக்கத்தில் மருமகன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "பழைய ஷூதானே மாமா?" என்றான். தீபாவளிக்கு வாங்கியது, போன தீபாவளிக்கு.

அத்தான் சத்தமில்லாமல் தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தார். ஒரு சைஸ் பெரிது. ரயிலில் ராத்திரி முழுக்க அதைக் காலால் தேடிக்கொண்டே வந்தேன்.

வலது கால் ஷூவும் என்னோடுதான் வந்தது. ஒற்றை ஷூவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் ஆட்டோ ஏறினேன். எழும்பூரில் இறங்கி வந்து பையைத் திறந்தால் முறுக்குப் பொட்டலத்துக்கு அடியில் தினத்தாளில் சுற்றி இருக்கிறது. அப்பாவுக்கு போன் பண்ணினேன்.

"இருக்கட்டும்ல, என்னைக்காவது உதவும்" என்றார்.