புது மெயிலில் கை வைக்காதீங்க தம்பி

"பழசுக்கெல்லாம் லேபல் போடுங்க தம்பி, புதுசா வர்றதுல கை வைக்காதீங்க" என்று எங்கள் அலுவலகத்து அக்கா சொன்னபோது, கம்ப்யூட்டர் தெரியாதவர் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு வரும் மெயில்களுக்குத் தானாக லேபல் ஒட்ட நான் எழுதிய ஸ்கிரிப்ட்டைப் பற்றிய பேச்சு அது. அந்த வாதத்தை இன்றைக்கும் மனதுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் நானே ஜெயிக்கிறேன், ஆனாலும் அது முடிவதாக இல்லை.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தின் ஹட்டனில், தோட்ட மக்களின் குறைகளைக் கவனிக்கும் எங்களுடையதைப் போன்ற ஒரு சின்ன அலுவலகத்துக்குத் தோட்டங்களிலிருந்து வரும் மெயில்களைக் கையால் பிரித்து முடியாது. ஆட்கள் நேரடியாக எழுதுவது குறைவு. டவுனில் உள்ள கொமினிகேஷன் கடையில் அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் அடித்து அனுப்புவார். புது மெயில் திறக்கச் சோம்பல்பட்டு, போன மாதம் வேறு யாருக்காகவோ அனுப்பியதைத் திறந்து அதிலேயே ரிப்ளை அழுத்திவிடுவார். ஜிமெயில் அதை ஒரே உரையாடலாகக் கோத்துவிடும். தோட்டத்தின் மேற்கணக்கு (மேல் பிரிவு) ஆளின் சேமலாப நிதிப் பிரச்சினைக்குக் கீழே கீழ்க்கணக்கு (கீழ்ப் பிரிவு) அம்மாவின் அடையாள அட்டைப் பிரச்சினை கிடக்கும். அனுப்புநர் முகவரியும் தலைப்பும் ஒன்றாகவே இருந்தால் சாதாரண ஃபில்டர் எதை வைத்துப் பிரிக்கும்?

அதனால் மெயிலில் உள்ள சொற்களைப் பார்த்து லேபல் ஒட்டும் ஒரு சின்ன நிரலைக் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் எழுதினேன். அதிலுள்ள சுலபமான வழி முழு உரையாடலுக்கும்தான் லேபல் ஒட்டும். தனித்தனி மெயிலுக்கு ஒட்ட ஜிமெயில் ஏபிஐ (நிரல்கள் ஜிமெயிலோடு நேரடியாகப் பேசும் வழி) வழியாகப் போக வேண்டும். அதில் ஒரே அழைப்பில் 1000 மெயில் வரை மாற்றலாம். ஸ்கிரிப்ட் ஒரு தடவைக்கு 6 நிமிடம்தான் ஓடும் என்பதால், விட்ட இடத்தைக் குறித்துவைத்து மறுபடி தொடங்கும்படி செய்தேன். 'வீடு' என்று மட்டும் கொடுத்தால் 'வீட்டை', 'வீட்டுக்கு' எல்லாம் தப்பிவிடும், 'வீட்' என்றும் கொடுக்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்புகளிலும், போனில் படம் பிடித்த கடிதங்களிலும் ஸ்கிரிப்ட்டுக்கு வாசிக்க ஒன்றும் கிடைக்காது. அவற்றைத் தனியே ஒதுக்கினேன். உண்மையைச் சொன்னால், நான் செய்த வேலைகளில் இது சுத்தமான ஒன்று.

பழையவை முடிந்ததும் பணிப்பாளருக்குச் சந்தோஷம். மாத அறிக்கைக்கு வீடு எத்தனை, சம்பளம் எத்தனை என்று உடனே எண்ணிக்கை வந்தது. அப்படியானால் புதியவற்றுக்கும் மணிக்கொரு தடவை ஓடட்டும் என்றார். அங்கேதான் அக்கா மறித்தார்.

"லேபல் விழுந்துருச்சுன்னா யாரோ வாசிச்சுட்டாங்கன்னுதானே எல்லாரும் நினைப்போம்?"

"இல்லக்கா, வாசிக்காதது தடிச்ச எழுத்துலயே இருக்கும்."

"ஒரே கணக்கைத்தானே எல்லாரும் திறக்கிறோம். ஒருத்தர் தொட்டா அதுவும் போயிடுமே."

அது சரிதான். ஆனால் லேபல் இல்லாத காலத்திலும் இதே கதைதானே என்று கேட்டேன். அவர் தன் சீ.ஆர். கொப்பியை (தடித்த அட்டை நோட்டை) மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நான் ஸ்கிரிப்ட்டை மணிக்கொரு தடவை ஓடவிட்டேன்.

அப்புறம் வந்த அந்த மெயிலைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். லயத்துக் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கூரைத் தகரம் பற்றித் தொடங்கி, வீட்டுத் திட்டத்தில் பெயர் விடுபட்டதைச் சொல்லி, கடைசியில் ஒரு வரி: பின்பக்க மேட்டில் போன கிழமையிலிருந்து புதிதாகத் தண்ணீர் ஊறுகிறது, அதையும் பார்த்துச் சொல்லவும். ஸ்கிரிப்ட் 'வீடு' என்று ஒட்டியது. அதில் பிழை கண்டுபிடிக்க முடியாது, மெயில் வீட்டைப் பற்றியதுதான். விண்ணப்பங்களோடு விண்ணப்பமாக அது கிடந்தது. பழக்க தோஷத்தில் லேபலைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் திறக்கும் அக்காவின் கண்ணில் பட்டது. மழைக்காலம், மேட்டில் புதிதாகத் தண்ணீர் ஊறினால் மண் சரியலாம். அவர் உடனே கிராம சேவகருக்குப் போன் போட்டார். அந்த லயத்து ஆட்கள் சில இரவுகள் பாடசாலையில் படுத்தார்கள்.

மண் இறங்கவில்லை. ஆகவே அக்கா சொன்னது சரியென்று நிரூபிக்கப்பட்டதா என்றால், இல்லை. ஆனால் 2014 அக்டோபர் 29 மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியபோது என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது, அது ஏதோ ஒரு கோப்பில் இருந்தது.

'அவசரம்' என்று ஒரு லேபல் சேர்க்கிறேன், மண்சரிவு, வெடிப்பு என்ற சொற்கள் இருந்தால் மேலே வரும் என்றேன். "மண்சரிவுன்னு ரேடியோலதான் சொல்வாங்க தம்பி. நிலம் நகருறப்போ நம்ம ஆளுங்க தண்ணி கலங்கி வருதுன்னு எழுதுவாங்க, கதவு சாத்த முடியலைன்னு எழுதுவாங்க." கதவையும் சேர்த்தேன். உடைந்த கதவு, கழிவறைக் கதவு எல்லாம் அவசரத்தில் வந்து குவிந்தன. எடுத்துவிட்டேன்.

இருந்தும் அக்கா கேட்டபடி புதியவற்றை விட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைப் போல வாசிக்கிறவர் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான், அவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். ஒருவருடைய பழக்கத்தை நம்பி ஒரு முறையை நடத்த முடியுமா? ஆனால் அன்றைக்கு நடந்தது அந்தப் பழக்கத்தால்தான். இந்த இடத்தில்தான் என் வாதம் ஒவ்வொரு தடவையும் நொண்டுகிறது.

இப்போதைக்கு ஒரு சமரசம். ஸ்கிரிப்ட் ஒட்டுவதை ஒட்டட்டும், 'வாசித்தது' என்ற லேபலை மட்டும் ஆள்தான் கையால் போட வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் பார்த்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஒரு பக்கத்தில் உள்ள ஐம்பதையும் மொத்தமாகத் தெரிவு செய்து ஒரே தட்டில் 'வாசித்தது' போட்டிருக்கிறார்கள். அறிக்கை நாள் நெருங்கிவிட்டதாம். திறக்காமலே அந்த லேபல் விழுந்த மெயில்களைக் கண்டுபிடிக்க இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.