கோவாவில் 113 கிலோமீட்டர்

கோவாவின் தலைநகரான பணஜியில், மிராமார் கடற்கரையில் தொடங்கும், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த அயர்ன்மேன் 70.3 போட்டியை அக்டோபரில் முடித்துவிட்டுச் சென்னை திரும்பியதிலிருந்து, அலுவலகத்திலும் உறவு வட்டத்திலும் நீச்சல் குளத்திலும் என்னிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான். நாற்பது வயதைக் கடந்த, பள்ளியில் எந்த விளையாட்டுக் குழுவிலும் இல்லாத, கணக்குப் பிரிவில் நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணால் இது எப்படி முடிந்தது? நின்றபடி சொல்லும் பதிலில் அது அடங்குவதில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன். உடல் வலிமை இதில் ஒரு பங்குதான். கையில் தெம்பு இருக்கும்போதே அதை அடக்கி வைக்கத் தெரிவதுதான் சாதாரண மனிதர்களை இந்தப் போட்டியின் முடிவுக்கோடு வரை கொண்டுபோகிறது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

முதலில் போட்டியைப் பற்றி. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், கரையேறியதும் சைக்கிளில் 90 கிலோமீட்டர், அதை இறக்கி வைத்த கையோடு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர். அதை மைலில் சொன்னால் 70.3. நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள்ளும், முழுப் போட்டியை எட்டரை மணி நேரத்துக்குள்ளும் முடித்தாக வேண்டும். இது முழு அயர்ன்மேனின் சரிபாதி. முழுப் போட்டி 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில், ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதியின் யோசனையில் பிறந்தது. அங்கே ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சல், தீவைச் சுற்றும் ஒரு சைக்கிள் பயணம், ஹொனலூலு மாரத்தான் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். முதல் ஆண்டு தொடங்கிய 15 பேரும் ஆண்கள்; அவர்களில் 12 பேர் முடித்தார்கள். அடுத்த ஆண்டு லின் லெமேர் என்ற பெண் தனி ஒருத்தியாகக் களமிறங்கி, ஆண்களையும் சேர்த்த வரிசையில் ஐந்தாவதாக வந்தார். பயிற்சியைத் தொடங்கிய புதிதில் இந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது; அன்றைக்கு எனக்கு அது மிகவும் தேவைப்பட்டது. கோவாவில் 70.3 போட்டி முதன்முதலாக நடந்தது 2019-இல். இந்திய ராணுவத்தைச் சேர்ந்த பிஷ்வர்ஜித் சைகோம் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்து முதலிடம் பெற்றார். என் உலகம் அதற்கு வெகுதூரம் தள்ளியது. நான் பந்தயம் போட்டது கடிகாரத்தோடு மட்டுமே.

ஓடவும் சைக்கிள் ஓட்டவும் எனக்கு ஓரளவு வரும். நீச்சல் அடியோடு தெரியாது. சென்னையில் நடுவயதுப் பெண் ஒருத்தி நீச்சல் கற்றுக்கொள்வதில் உள்ள முதல் தடை தண்ணீர் பயம் அன்று, நேரம். பல குளங்களில் பெண்களுக்கென ஒதுக்கப்படும் நேரம், வேலைக்குப் போகும் எவரும் வர முடியாத நடுப்பகலிலோ மாலை நான்கு மணிக்கோ அமைந்திருக்கிறது. நான் வீட்டிலிருந்து தொலைவில் இருந்தாலும் விடியற்காலையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் ஒரு குளத்தைத் தேடிச் சேர்ந்தேன். அங்கே பயிற்றுநர் முதல் வாரத்தில் சொன்ன ஒரு சொல்தான் என்னை மிதக்க வைத்தது: "மூச்ச இழுக்கிறதப் பத்திக் கவலப்படாதீங்க மேடம். தண்ணிக்குள்ள மொகம் இருக்கும்போதே முழுசா வெளிய விட்டுடுங்க. இழுக்கிறது தானா நடக்கும்." புதிதாக நீந்துகிறவர்கள் குளத்தின் பாதியிலேயே மூச்சுவாங்கி நிற்பதற்குக் காற்று போதாமை காரணமில்லை, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதால் கரியமில வாயு சேர்ந்து, நெஞ்சு முட்டி, பதற்றம் வருகிறது. குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அமிழ்த்தி, மூக்கு வழியாகக் குமிழி குமிழியாகக் காற்றை விட்டு எழுவதை மட்டுமே பல காலைகள் செய்தேன். அது பழகிய பிறகு, குளத்தின் ஒரு நீளத்துக்கு மேல் போக முடியாதிருந்த நான் நிற்காமல் நீந்தத் தொடங்கியது எனக்கே வியப்பாக இருந்தது.

குளத்தில் நீந்துவது வேறு, கடலில் நீந்துவது வேறு. வங்கக் கடலில் கரையை ஒட்டி அலை உடையும் இடத்தைத் தாண்டுவதுதான் பாடு. தாண்டிவிட்டால் உப்பு நீர் உடலைத் தானே தூக்கிக் கொடுக்கும். நாங்கள் சிறு குழுவாக, பாதுகாப்பு மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு, மீனவர் ஒருவரின் படகு கூட வர, கோவளம் பக்கம் இறங்குவோம். முதல் நாள் நான் வரும் அலையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றபோது, படகில் இருந்த பெரியவர், "அலையோட சண்ட போடாதம்மா, அது ஒடையறதுக்கு முன்னாடி அடியில போயிடு" என்றார். அவர்தான் நீரோட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆகவே எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கினால் கரை திரும்புவது எளிது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். குளத்தின் அடியில் நேராக நீந்த வழிகாட்டும் கறுப்புக் கோடு கடலில் கிடையாது. சில கைவீச்சுகளுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேலே எடுத்து, எதிரே தெரியும் மிதவையையோ கரையிலுள்ள உயரமான கட்டடத்தையோ பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பு அமிழும், வேகம் போய்விடும்.

சைக்கிளுக்குச் சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய போட்டித் தூரமே வந்துவிடும். முட்டுக்காடு பாலத்தின் மேல் குறுக்கே அடிக்கும் காற்று, கைப்பிடியை இறுக்காமல் வண்டியைச் சமாளிக்கப் பழக்கிவிடும். சனிக்கிழமைக் காலைகளில் நான் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவேன் என்பதால், மகளை எழுப்பி, சமைத்து, சிறப்பு வகுப்புக்கு அனுப்பும் பொறுப்பைக் கணவர் முழுமையாக ஏற்றுக்கொண்டார். இந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். வீட்டில் இன்னொருவர் விட்டுக்கொடுக்கும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னுடையது பழைய வண்டிதான். அதில் நான் தாராளமாகப் பணம் போட்டது, என் உடம்புக்கு ஏற்ப இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியின் தொலைவையும் அளந்து சரிசெய்ததற்கு மட்டும். நான்கு மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்கும்போது முழங்காலும் கழுத்தும் அதன் அருமையைச் சொல்லும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனெனில் இந்தப் போட்டியின் உயிர்நாடி அதுதான். உடலில் தசையிலும் ஈரலிலுமாகச் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிக்குள் அடங்கிவிடும். ஏழெட்டு மணி நேர உழைப்புக்கு அது காணாது. கொழுப்பு நிறைய இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். ஆகவே சைக்கிளில் இருக்கும்போதே மணிக்கு 60 கிராம் அளவுக்கு மாவுச்சத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளுக்கோஸ் மட்டுமென்றால் குடல் மணிக்கு ஏறக்குறைய 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. பிரக்டோஸ் என்ற இன்னொரு வகைச் சர்க்கரை வேறு வழியாக உள்ளே போவதால் இரண்டும் கலந்திருந்தால் கூடுதலாகச் சேரும். நம் வீட்டுச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதி இருக்கின்றன என்று அறிந்ததும், போட்டிகளில் உண்பதற்கென விற்கும் விலையுயர்ந்த சர்க்கரை ஜெல்களை நான் அடியோடு விட்டுவிட்டேன். பாட்டிலுக்கு 40 கிராம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தாராளமாக உப்பு. கூடவே வாழைப்பழமும் உப்பிட்டு அவித்த சிறிய உருளைக்கிழங்கும். வயிறு இதையெல்லாம் உழைப்புக்கு நடுவே ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்பதால், ஒவ்வொரு நீண்ட பயிற்சியிலும் இதையேதான் உண்டேன். உப்பை விட்டு வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும் என்பதை, பயிற்சி தொடங்கும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிவிடுகிறேன்.

போட்டிக்கு முந்தைய நாளே சைக்கிளை அதற்கென அமைத்த கூடாரத்தில் எண்ணிட்ட கம்பியில் மாட்டிவிட வேண்டும். மறுநாள் விடியலில் கணுக்காலில் நேரம் பதியும் மின்னணுச் சிப்பைக் கட்டிக்கொண்டு மணலில் நின்றபோது, அரபிக்கடல் நம் கடலைவிட அடக்கமாகத் தெரிந்தது. நீர் 24.5 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால், குளிர் தாங்கவும் மிதக்கவும் உதவும் வெட்சூட் என்ற ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு பரிசுக்குரிய வரிசையில் சேர முடியாது. கோவாவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பாயாமல், சிலர் சிலராக நீரில் இறங்க விடுகிறார்கள். களைத்தால் காவலுக்கு நிற்கும் கயாக் என்ற சிறு துடுப்புப் படகைப் பிடித்து இளைப்பாறலாம், அதைக் கொண்டு முன்னே நகரக் கூடாது என்பதே விதி. வேண்டுமானால் பிடித்துக்கொள்ளலாம் என்ற தைரியம் மனத்தில் இருந்ததாலேயே எனக்கு ஒருமுறைகூடப் பிடிக்கத் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். முதல் மிதவை வரை வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். திரும்பும் வழியில் காலை வெயில் நேரே கண்ணில் அடித்து மிதவை தெரியாமல் போனபோது, முன்னே போகிறவர்களின் தொப்பிகளைப் பின்தொடர்ந்தேன். கரையில் கால் ஊன்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது ஒரு மணி நேரம் ஆகியிருக்கவில்லை. அந்த நாளில் எனக்கு வந்த மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான். முடிவுக்கோட்டில்கூட அந்த அளவுக்கு நான் நெகிழவில்லை.

சைக்கிளை எடுத்த முதல் அரை மணி நேரத்தில் பலர் என்னைக் கடந்து போனார்கள். கால்கள் புத்துணர்ச்சியோடு இருக்கும். சாலை ஓரங்களில் மக்கள் கைதட்டுவார்கள். விரட்டிப் போகத் தோன்றும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று நான் விதித்துக்கொண்டிருந்தேன். ஏற்றங்களில் அதைக் காக்க, நடப்பவரின் வேகத்துக்குச் சற்று மேலே ஏறிய இடங்களும் உண்டு. முன்னே போகிறவரின் பின்னால் ஒட்டிக் காற்றை மிச்சப்படுத்த இங்கே அனுமதி இல்லை. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆகவே ஒவ்வொருவரும் தன் காற்றைத் தானேதான் கிழித்துக்கொண்டு போக வேண்டும். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணியோசை வைத்திருந்தேன். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அந்த ஓசை கேட்டதும் ஒரு வாய் உண்டேன், குடித்தேன்.

வண்டியை மாட்டிவிட்டு ஓடத் தொடங்கியபோது உச்சி வெயில். மழைக்காலம் விலகும் அக்டோபரில் கோவாவின் காற்றில் ஈரம் அவ்வளவு இருக்கும், வேர்வை உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உலராத வேர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் அதே வேகத்துக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்கும். வெயிலுக்கு உடல் பழக ஏறக்குறைய இரண்டு வாரம் போதும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, வேர்வை சீக்கிரமே தொடங்கும். நான் அதற்காகச் சென்னையில் காலை பத்து மணி வெயிலில் மெதுவாக ஓடிப் பழகியிருந்தேன். டோனா பாவ்லா பக்கம் போகும் சாலையில், ஓரமாக உட்கார்ந்தவர்களையும் தசைப்பிடிப்பில் காலை நீட்டிப் படுத்தவர்களையும் கடக்கும்போது, அவர்களில் சிலர் சைக்கிளில் என்னை வேகமாகக் கடந்தவர்கள் என்பதைச் சட்டையின் நிறத்தைக் கொண்டு அறிந்தேன். தண்ணீர் கொடுக்கும் இடம் வரும்வரை ஓடுவது, அங்கே பனிக்கட்டியைத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டு நடந்தபடி குடிப்பது, மீண்டும் ஓடுவது என்ற ஒழுங்கைக் கடைசிவரை விடவில்லை. எங்களோடு வந்திருந்த மாமியார் ஒரு மர நிழலில் நின்றுகொண்டு, நான் கடந்த போதெல்லாம், "மெதுவாவே போம்மா, அவசரம் ஒண்ணுமில்ல" என்று உரக்கச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வேகமாக ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த அந்தச் சாலையில், சரியான அறிவுரை அவருடையதுதான்.

ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேலே முடித்தேன். கடைசி மூன்று கிலோமீட்டரை நடக்காமல் ஓட முடிந்தது, ஏனென்றால் ஓடுவதற்குக் கால்களில் இன்னும் ஏதோ மிச்சமிருந்தது. முழு அயர்ன்மேன் எப்போது என்று கேட்கிறார்கள். 180 கிலோமீட்டர் சைக்கிளுக்கும் 42.2 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் தேவைப்படும் வார இறுதிகளை, மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை நான் வீட்டிலிருந்து எடுக்கப் போவதில்லை. அதுவரை கோவளத்தில் நீந்துவேன். குளத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களுக்கு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.