முகூர்த்த நாளில் உதட்டுக் கொப்புளம்

மேல் உதட்டின் வலது ஓரத்தில், மீசை முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே எனக்கு ஒரு இடம் இருக்கிறது. கொப்புளம் வந்தால் அங்கேதான் வரும். இடது பக்கம் வந்ததில்லை, கீழ் உதட்டிலும் வந்ததில்லை. முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நெல் அடித்த களத்தில் நின்றுவிட்டு வந்தால் கழுத்தில் சுணைக்குமே, அப்படி அந்த இடம் மட்டும் லேசாகச் சுணைக்கும். சில மணி நேரத்தில் சிவந்து தடிக்கும். மறுநாள் சின்னச் சின்னதாக நாலைந்து நீர்க் கொப்புளம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். அப்புறம் உடைந்து நீர் வடிந்து பொருக்குத் தட்டும். பொருக்கு தானாக விழ ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும்.

எனக்குத் தொழில் நாயனம், அதாவது நாதஸ்வரம். ஊர் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில். கல்யாணம், காதுகுத்து, கோயில் புறப்பாடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசிக்கிறவன். வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டான சீவாளியை இரண்டு உதடும் சேர்த்துக் கவ்வினால்தான் சுரம் நிற்கும். மேல் ஸ்தாயிக்குப் போகப் போகப் பிடி இறுகும். பொருக்கு உள்ள உதட்டை வைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. முதல் கீர்த்தனை முடிவதற்குள் பொருக்கு பிளந்து ரத்தம் சீவாளியில் இறங்கிவிடும். ஆலாபனை நடுவில் உதட்டைத் துண்டால் ஒற்றிக்கொண்டே வாசித்த நாட்கள் உண்டு. கேட்கிறவர்களுக்கு ஏதோ உருக்கம் என்று தோன்றியிருக்கலாம்.

வருகிற நேரமும் சொல்லிவைத்த மாதிரி வைகாசி முகூர்த்தத்தில்தான் வரும். ரொம்ப நாள் இதை என் ஜாதகம் என்று நினைத்திருந்தேன். காரணம் சாதாரணமானது. கடும் வெயில், தூக்கமின்மை, காய்ச்சல், அலைச்சல், மனக்கவலை இவையெல்லாம்தான் இதைத் தூண்டிவிடுகின்றன. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் வரும். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு, விடியற்காலை முகூர்த்தம், வெயில் ஏறும்போது அடுத்த ஊருக்கு வண்டி, சாயங்காலம் கோயிலில் புறப்பாடு. மேலே சொன்ன பட்டியலில் பாதி எங்கள் தொழிலிலேயே இருக்கிறது.

அப்பாயி இருந்தவரை இதற்கு ஒரே காரணம்தான் சொல்வார். "வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கியிருப்ப, பல்லி எச்சம் பட்டிருக்கும்." அம்மாவுக்கு எல்லாமே சூடு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார். தெருவில் சிலர் அக்கி என்று சொல்லி வேளார் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவர் காவியைக் குழைத்து உதட்டைச் சுற்றி எழுதிவிட்டார். அந்தச் சிவப்பு மீசையோடு பள்ளிக்கூடம் போனது மறக்கவில்லை. பெரும்பாலும் அக்கி என்கிறது சின்னம்மை வைரஸ் பல வருஷம் கழித்து மறுபடி தலைகாட்டுவது. உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டையாக, நெருப்பாக எரியும். உதட்டுக் கொப்புளத்தின் வைரஸ் அதே குடும்பம்தான், ஆள் வேறு. இந்த வைத்தியங்களில் எதையும் நான் திட்ட மாட்டேன். பத்து நாளில் தானாகப் போகிற நோய்க்கு எதைத் தடவினாலும் பலித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். வெந்துபோய் அது தனிப் புண்ணாகிவிடும். பற்பசையும் அதே ரகம்.

இன்னொரு குழப்பம் மணத்தக்காளிக் கீரை. வாயில் புண் என்று சொன்னதுமே நம் வீடுகளில் அதைப் பறிக்கப் போய்விடுவார்கள். கன்னத்தின் உள்பக்கத்திலும் நாக்கிலும் வெள்ளையாகக் குழி விழுகிறதே, அந்த வாய்ப்புண் வேறு. அது ஒட்டாது. வாயின் இரண்டு ஓரமும் வெடிப்பதும் வேறு. அதற்குப் பி வைட்டமின் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பூஞ்சை என்று பல காரணம் உண்டு. உதட்டின் வெளி ஓரத்தில், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், சுணைப்போடு தொடங்கி நீர்க் கொப்புளமாக வருகிறதென்றால் அது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ். கீரை சாப்பிடுங்கள், நல்லதுதான். இந்த வைரஸ் அதைக் கண்டுகொள்ளாது.

ஒருமுறை கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் உதட்டைக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். படர்தாமரைக்கும் அதுதான், பூச்சிக்கடிக்கும் அதுதான். மூன்று நான்கு மருந்து கலந்தது, அதில் ஒன்று ஸ்டீராய்டு. தடவியதும் சிவப்பு குறைந்தது, சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் கொப்புளம் மூக்கின் அடி வரைக்கும் ஏறிவிட்டது. அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு அமுக்கிவைக்கும், வைரஸ் வசதியாகப் பெருகும். தோலில் தடவும் 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. விதி இருக்கிறது, ட்யூபும் கிடைக்கிறது.

அந்தப் புண்ணோடுதான் கும்பகோணத்தில் ஒரு தோல் மருத்துவர் அம்மாவைப் பார்த்தேன். மருந்து எழுதுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி இது: "சுணைக்கிறது உங்களுக்கு எப்பத் தெரியுது?"

"முந்தின நாளே தெரிஞ்சுடும் டாக்டர்."

"அப்ப மருந்து அன்னிக்கு. பொருக்குத் தட்டினப்புறம் என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்?"

அவர் சொன்ன விவரத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பெரும்பாலும் சின்ன வயதில் யாரோ கொடுத்த முத்தத்தில் இந்த வைரஸ் உள்ளே வந்துவிடும். வந்தது போகாது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சு ஒன்று மண்டைக்குள், காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு அசந்தால் எழுந்து அதே நரம்பு வழியாக இறங்கி அதே இடத்துக்கு வரும். என் வலது ஓரத்தின் ரகசியம் அதுதான். சுணைக்கிற நேரம் அது தன்னைப் பிரதி எடுத்துப் பெருகிக்கொண்டிருக்கிற நேரம். அசைக்ளோவிர் என்ற மருந்து அந்தப் பிரதி எடுக்கும் வேலையைத்தான் நிறுத்துகிறது. வைரஸ் புகுந்த செல்லுக்குள் வைரஸின் சொந்த நொதிதான் அதை முடுக்கிவிடுகிறது. அதனால் நல்ல செல்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. இந்த வகை மருந்துகளுக்கு வழிபோட்ட கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மாவுக்கு 1988இல் இன்னும் இரண்டு பேரோடு நோபல் பரிசு கிடைத்தது. பொருக்குத் தட்டும்போது பிரதி எடுக்கும் வேலை முடிந்துபோயிருக்கும். நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

களிம்பாகப் போட்டால் பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை, நாலைந்து நாள் போட வேண்டும். தேய்க்காமல் ஒற்றி வைக்க வேண்டும், போடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். அதில் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். அரை நாளோ ஒரு நாளோ குறையும். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது மாத்திரை, வாலாசைக்ளோவிர். சுணைத்ததும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான். இதிலும் சராசரியாக ஒரு நாள்தான் மிச்சம் என்றார். எழுதும் முன் சிறுநீரகம் எப்படி என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவாவது இதை மருத்துவர் சொல்லித்தான் வாங்க வேண்டும். வருஷத்தில் பல தடவை வருகிறவர்களுக்குத் தினமும் குறைந்த அளவில் கொடுத்து வராமலே வைத்திருக்கவும் முடியுமாம். எனக்கு அது தேவைப்படவில்லை. மாத்திரையைச் சீவாளிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சத்திரத்தில் சுணைத்தால் எந்தக் கடையைத் திறப்பது?

இனி சீவாளி. காவிரிக் கரை நாணல் தட்டையில் செய்கிற இந்தச் சின்னப் பொருள்தான் எங்கள் சங்கடம். நம் ஊரில் தண்ணீர்ச் சொம்பை அண்ணாந்துதான் குடிப்போம். எச்சில் பண்ணாதே என்று சொல்லியே வளர்த்தார்கள். இந்த வைரஸுக்கு அதைவிட நல்ல வேலி கிடையாது. ஆனால் நாயனத்தில் மட்டும் அந்த ஆசாரம் பறந்துவிடும். பையனுக்குச் சுரம் சேரவில்லையென்றால் வாத்தியார் வாங்கி ஒரு ஊது ஊதிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுப்பார். என் வாத்தியாரும் அப்படித்தான் செய்தார், நானும் என்னிடம் கற்கிற பிள்ளைகளிடம் அப்படித்தான் செய்துவந்தேன். இப்போது கேட்டுத்தான் சொல்கிறேன், இல்லாவிட்டால் என் சீவாளியை மாட்டி ஊதிப் பார்க்கிறேன். கொப்புளத்தில் வடிகிற நீரில்தான் வைரஸ் அதிகம். ஆனால் உதடு சுத்தமாக இருக்கிற நாளிலும் எச்சிலில் கொஞ்சம் வரலாம், அதனால் புண் இல்லாத நாளிலும் இதே வழக்கம்தான். புண் நேரத்தில் வாயில் வைத்த சீவாளியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். நல்ல சீவாளி பழகி வர நாளாகும், மனசு வராது. அதற்காகவே அந்த நாட்களுக்குச் சுமாரான ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

பத்து வயசுப் பையன் ஒருவனுக்கு முதல்முறை வந்தபோது உதட்டோடு நிற்கவில்லை. காய்ச்சல், ஈறு வீக்கம், வாய் முழுக்கப் புண், தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்று அழுதான். முதல் தொற்று பிள்ளைகளுக்கு அப்படியும் வரும். கவலை தண்ணீர்தான், நீர்ச்சத்து இறங்கிவிடக் கூடாது. அவன் அம்மாவிடம் குளிர்ந்த மோர் கொடுக்கச் சொல்லி அன்றே டாக்டரிடம் அனுப்பினேன்.

வெயிலுக்கு வருகிறேன். கத்திரி வெயிலில் ஊர்வலம் என்றால் தலையில் துண்டு போட முடியாது, பட்டு அங்கவஸ்திரத்தோடு நிற்க வேண்டும். உதட்டுக்குச் சன்ஸ்கிரீன் கலந்த பாம் ஒன்றை டாக்டர் சொன்னார், எஸ்பிஎஃப் 30. அதைப் பூசிக்கொண்டு வாசிக்க முடியாது, வழுக்கும், மெழுகு சீவாளியில் ஏறினால் நாதம் அடைத்துப்போகும். அதனால் வண்டியில் போகும்போது பூசுவேன், வாசிப்பதற்கு முன் துடைத்துவிடுவேன். பாதிப் பாதுகாப்புதான். தவில் அண்ணன் முதலில் சிரித்தார், "என்னடா தம்பி, பொண்ணு பார்க்கவா போறோம்?" இப்போது அவரே வாங்கிக்கொள்கிறார்.

புண் இருக்கும்போது பந்தியில் வத்தக்குழம்பைத் தொட மாட்டேன், நேரே தயிர்சாதம்தான். வெற்றிலையும் கிடையாது. பொருக்கு வெடிக்காமல் இருக்க வாசலின் கொஞ்சம், எரிச்சலுக்குத் துணியில் சுற்றிய ஐஸ். பொருக்கைப் பிய்க்காமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டம், கை தானாகப் போகும். அந்தக் கை கண்ணுக்கும் போகும், ஆபத்து அங்கேதான். இதே வைரஸ் கருவிழியில் புண் உண்டாக்கிப் பார்வையைக் கெடுக்கும். புண் உள்ள நாட்களில் கண் சிவந்து கூசினால் வீட்டில் இருக்கிற சொட்டு மருந்தை விடாமல் கண் மருத்துவரிடம் ஓட வேண்டும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், சர்க்கரை, புற்றுநோய்ச் சிகிச்சை போல உடம்பு பலவீனமானவர்களுக்கு வருகிற புண், இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

என் தங்கை பிள்ளைக்குக் காப்புப் போடும் நாளில் எனக்குப் பொருக்கு. தாய்மாமன் மடியில் குழந்தையை வைக்க வேண்டும். பதினாறு நாள் குழந்தை. வைத்துக்கொள்ள மாட்டேன் என்றதும் சபையே ஒருமாதிரி பார்த்தது. பிறந்து சில வாரம்கூட ஆகாத குழந்தைக்கு இது ஒட்டினால் மூளை, ஈரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் கொடுமை. முகக்கவசம் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, தள்ளி நின்று காப்பை மட்டும் போட்டேன். தங்கைக்கு அன்று முழுக்கக் கோபம். அடுத்த மாதம் வந்து ஆசைதீரத் தூக்கிக்கொண்டேன்.

வீட்டில் வேறு ஒரு சங்கடம் வந்தது. சீட்டில் இருந்த ஹெர்பிஸ் என்ற பெயரை என் மனைவி போனில் தேடிவிட்டாள். "என்னங்க, இது அந்த நோயாமே?" என்று மெல்லக் கேட்டாள். அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு. உதட்டுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை, அவள் பயந்த பால்வினை நோய் பெரும்பாலும் இரண்டாம் வகை. உலகத்தில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 380 கோடி பேருக்கு, அதாவது 64 சதவீதம் பேருக்கு, அந்த முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்கு ஒரு கொப்புளம்கூட வருவதில்லை. வாய்ப் புண்ணோடு உறவு வைத்தால் முதல் வகையும் கீழே ஒட்டும் என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. பொருக்கு விழும்வரை முத்தம் கிடையாது, துண்டு தனி. அவ்வளவுதான் ஏற்பாடு.

மாத்திரை போட்டும் தடுக்க முடியாத நாட்கள் வரும். அப்போது முகூர்த்த வீட்டாரிடம் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா மகன் வாசிப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுவேன். கெட்டிமேளத்துக்குச் சைகை கொடுக்கவும் ஆள் வேண்டுமே. அன்றைக்கு என் பங்கில் முக்கால் அவனுக்கு. ஊதினவன் அவன், அதுதான் நியாயம்.